ஓய்வுபெற்ற தபால்காரரின் முகவரி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அவருடைய மூட்டுவலியும் சௌக்கியம். அங்கே நீயும் உன் நூலகமும் எப்படி? இருநூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்கப் பேப்பரில் எந்த மூலையில் என்ன விளம்பரம் வந்தது என்று சொல்கிறாய், தலையணை உறையை எப்போது துவைத்தாய் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறாய். மாடி வீட்டு அக்கா, நீ என்ன படிக்கிறாய் என்று விசாரித்தார். அமெரிக்காவில் பத்திரிகை, ரேடியோ, டிவி எல்லாம் வளர்ந்த கதை என்றேன். "பேப்பர் படிக்கவா அவ்வளவு தூரம் போனா? நம்ம வாசல்லயே போடுறாங்களே" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வாசகர் கடிதங்களைப் பற்றிய உன் அத்தியாயத்தில், அமெரிக்கப் பத்திரிகைகளோடு ஒப்பிட நான் வேலை பார்க்கும் பத்திரிகையையும் எடுத்துக்கொண்டு, அதில் பதினோரு வருடமாக எழுதும் 'ஓய்வுபெற்ற தபால்காரரை'த் தலையில் தூக்கி வைத்து ஆடியிருக்கிறாய். சாமானியனின் நிதானமான குரலாம். உன் பேராசிரியர் பாராட்டினாராம். "நீ வாசகர் கடிதப் பிரிவுலதானேம்மா இருக்க, அவர் அட்ரஸ் வாங்கிக் குடு, பேட்டி எடுக்கணும்" என்று மூன்று முறை கேட்டுவிட்டாய். நானும் காய்ச்சல், வெளியூர், காது மந்தம் என்று சொல்லிச் சொல்லி அவரைப் பாதி கொன்றுவிட்டேன். அடி மக்கு, அந்தத் தபால்காரர் நான்தான். முந்நூறு வருடத்துக்கு முன் அங்கே அச்சுக்கூடத்தில் வேலை பார்த்த ஒருவர் விதவையின் பெயரில் கடிதம் எழுதி ஊரையே நம்பவைத்த கதையைச் சொல்லி, "எப்படிம்மா ஒருத்தருக்கும் தெரியாம போச்சு?" என்று விழுந்து விழுந்து சிரித்தாயே, அன்றுதான் பேருந்து நிறுத்தத்துக்குக் கூரை கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

கடிதம் வராமல் இல்லை, ஒரு நாளைக்கு முப்பது வரும். தனியார் மருத்துவமனையில் கட்டில் தராமல் தரையில் பிரசவம் பார்த்தார்கள் என்று ஒரு பெண் எழுதுவாள். அந்த மருத்துவமனைதான் முதல் பக்க விளம்பரம் தருகிறது. சாயப்பட்டறைத் தண்ணீர் கிணற்றில் இறங்குகிறது என்று ஒருவர் எழுதுவார். பட்டறை எங்கள் முதலாளியின் மச்சானுடையது. ஆசிரியர் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போடுவார். மத்தியானம் பார்த்தால் பத்தியில் பாதி காலி. "மேடம், யாருக்கும் வலிக்காத மாதிரி ரெண்டு வாசகரை ரெடி பண்ணுங்க" என்பார். அப்படிப் பிறந்தவர்தான் இவர். தெருவிளக்கு கேட்பார், மரக்கன்று கேட்பார், எந்தப் பெரிய மனிதரின் பெயரும் அவர் வாயில் வராது. நீ கண்டுபிடித்த நிதானத்துக்குப் பெயர், வேலை போய்விடுமோ என்ற என் பயம்.

கோடு விழுந்த கடிதங்களைக் கிழித்துப் போடச் சொன்னார்கள். நான் கிழிக்கவில்லை. பழைய துணி என்று நினைத்து நீ காலால் தள்ளிவிட்டுப் போன நாலு அட்டைப்பெட்டியிலும் இருப்பது அவைதான். அடுத்த மாதம் அத்தியாயத்தைக் கொடுக்கப் போகிறாய், பொய்யை அடிக்குறிப்போடு அச்சேற்ற விடமாட்டேன். அப்பாவோ, "உனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு. ஆள் செத்துட்டார்னு சொல்லி முடிச்சிடு" என்கிறார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நேற்று பெட்டியைப் பிரித்தேன். பிரசவமான பெண் மூன்று முறை எழுதியிருக்கிறாள். மூன்றாவதில் ஒரே வரி: 'என் கடிதம் கிடைத்ததா என்று மட்டுமாவது சொல்லுங்கள்.' அந்த வாரம் தபால்காரர் பூங்காவுக்கு பெஞ்சு கேட்டிருக்கிறார்.

ஞாயிறு காலை போன் செய். பேட்டி தருகிறேன், பதிவு செய்துகொள். என் பெயரைப் பதவியோடு போடு. அம்மாவாயிற்றே என்று கேள்வியை மழுப்பினால் போனை வைத்துவிடுவேன். ஆனால் பெட்டியில் இருக்கும் கடிதங்களிலிருந்து, எழுதியவர்களைக் கேட்காமல் ஒரு வரியும் எடுக்காதே. எல்லாவற்றிலும் முகவரி இருக்கிறது, நானே போய்க் கேட்கிறேன். நாளை லீவு சொல்லியிருக்கிறேன். முதலில் அந்தப் பெண்ணின் வீடு. கிடைத்தது என்று அவளிடம் சொல்ல வேண்டும்.

நினைத்தது நல்லபடியாக முடிந்து, நீ நீண்ட நாள் சுகமாக இருக்க வேண்டும். கண் டாக்டரைப் பார்க்க மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
(இப்போதைக்கு வாசகர் கடிதப் பிரிவு எழுத்தர்)