இரண்டு கோடு விழுந்த நாள்

ஆவணி 9, திங்கள்.

மாடியில் குடியிருக்கும் சுமதியின் மாமியார் இன்று கிண்ணம் நிறையக் கேசரி கொண்டுவந்தார். "டெஸ்ட்ல ரெண்டு கோடு வுயுந்துகீது டீச்சர். இந்த தபா பேரன்தான்!"

கிண்ணத்தை வாங்கி அப்படியே மேசையில் வைத்தேன்.

சித்திரையில் சுமதிக்கு உண்டானது முத்துப்பிள்ளை. கருப்பையில் குழந்தைக்குப் பதில் திராட்சைக் கொத்துப்போல் வளர்ந்த கட்டி. அதை எடுத்த டாக்டர், துணைக்குப் போயிருந்த என் எதிரில்தான் சொன்னார்: வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும், இப்போதைக்குக் கரு தரிக்கக் கூடாது. மிச்சம் தங்கினால் புற்றாகலாம். அதற்கும் இதே இரண்டு கோடுதான் விழும். கம்பெனியில் லீவு தரவில்லை என்று சுமதி அந்த ரத்தப் பரிசோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"கோரையைப் பிடுங்கினாலும் கிழங்கு மண்ணுக்குள்ள நிக்கும்மா. குழந்தைதானான்னு முதல்ல டாக்டர்கிட்ட பார்த்துடலாம்" என்றேன்.

"நல்ல சேதி சொன்னா கோரை, கெயங்குன்னு பாடம் எடுக்கிறீங்களே!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

சாயங்காலம் சுமதி தனியாக இறங்கி வந்தாள். "நேத்துலேர்ந்து ரத்தம் படுது டீச்சர். அவங்ககிட்ட சொல்லல. கேசரி கிண்டிக்கினு இருந்தாங்க."

காலையில் கம்பெனி பஸ் வருமுன் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். அந்தக் கிண்ணத்தைக் கழுவி வைத்திருக்கிறேன். வெறும் கிண்ணமாகத் திருப்பித் தரக் கூடாது என்பார்கள். எதைப் போட்டுத் தருவது?