பயந்த ராஜாவுக்காகக் காத்திருந்தவனுக்கு

என் ஆசை மச்சான் ஜெயசீலா,

நீ போய்ச் சேர்ந்திருக்கிற இடத்தில் பயம் என்பதே கிடையாது என்று உன் அடக்க ஆராதனையில் போதகர் சொன்னார். நல்லது. இங்கே உன் பங்கையும் சேர்த்து நான் பயந்துகொண்டிருக்கிறேன். சபையின் கிறிஸ்துமஸ் மலருக்கு உன்னைப் பற்றி நினைவஞ்சலி எழுதித் தரச் சொன்னார்கள். உன் நல்ல குணங்களை வரிசையாக எழுதலாம் என்று உட்கார்ந்தால் கை வேறெங்கோ போகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

இங்கே பெங்களூர் காக்ஸ் டவுனில் நம் தெருவில் இன்னொரு பழைய வீட்டை இடித்துவிட்டார்கள். கோயில் வாசலில் நட்சத்திரம் கட்டியாகிவிட்டது. நீ ஏணியைப் பிடிக்காததால் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, யாரும் கண்டுகொள்ளவில்லை. உன் தங்கை கிரேஸி உள்ளே கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கலுக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கிறாள், என்னோடு பேசாமல்.

பேசாததற்குக் காரணம் இருக்கிறது. நம் ஷீபா ஐந்து மாதக் கர்ப்பம். நீ போனது மழை ஆரம்பத்தில், அவள் சேதி சொன்னது அதற்குப் பிறகு. தாய்மாமனுக்குத் தெரியாமலே போய்விட்டதே என்று அன்றைக்கு அவள் அழுதாள். மருமகன் கப்பலில் இருக்கிறார், பிரசவத்துக்குத்தான் வர முடியுமாம். அதனால் பிள்ளை நம் வீட்டில்தான் இருக்கிறாள்.

போன வாரம் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, குழந்தையின் இதயத்தில் ஓரிடம் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறார். ஒன்றும் இருக்காது, ஆனாலும் இதயத்தை மட்டும் பார்க்கிற பெரிய மெஷினில் ஒரு தடவை பார்த்துவிடலாம், மல்லேஸ்வரத்தில் இருக்கிறது என்றாராம். திங்கட்கிழமை காலையில் வரச் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கு ஞாயிறு.

வியாழக்கிழமை ஷீபா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, திங்கக்கிழமை நீங்க கூட வர்றீங்களா? அம்மா வந்தா அங்கேயே அழுதுடுவாங்க."

"எதுக்கும்மா இதெல்லாம்? கர்த்தர் கொடுத்த பிள்ளை, கர்த்தர் பார்த்துக்குவார். மெஷினை வச்சு நோண்டிக்கிட்டு. ஆண்டவரைச் சோதிச்சுப் பார்க்கக் கூடாதும்மா."

அவள் கோபப்படவில்லை. "மாமா இருந்தா வந்திருப்பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

சமையலறையிலிருந்து கிரேஸியின் குரல் வந்தது. "பயமா இருக்குன்னு சொல்லிட்டுப் போங்களேன். அதுக்கு எதுக்குக் கர்த்தரை இழுக்கிறீங்க?"

அவளை உனக்குத் தெரியாதா? முதலில் தங்கவயலிலிருந்து வருகிற மாரிக்குப்பம் ரயிலில் துண்டு போட்டு எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தாய், அப்புறம் தங்கையையும் கொடுத்தாய். இடம் கொடுத்ததோடு நிறுத்தியிருக்கலாம் என்று பல தடவை உன்னிடமே சொல்லியிருக்கிறேன். ஆனால் அவள் சொன்னது சரிதான் மச்சான். எனக்குப் பயம். சாப்பாடு இறங்கவில்லை. போன் அடித்தால் எடுக்காமல் விட்டுவிடுகிறேன்.

இப்போது நாடகத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸ் நாடகத்தில் முதல் காட்சி எப்போதும் நம்முடையது. ஜனங்கள் இன்னும் இடம் தேடிக்கொண்டிருக்கும்போதே முடிந்துபோகிற காட்சி. மேய்ப்பர்களுக்கும் ஞானிகளுக்கும் விழுகிற கைதட்டல் நமக்கு விழுந்ததே இல்லை. நீ பழுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஏசாயா தீர்க்கதரிசி. நான் கிரேஸியின் பழைய ஜன்னல் திரையும் ஜிகினா ஒட்டிய அட்டைக் கிரீடமுமாக ஆகாஸ் ராஜா. எருசலேமைப் பிடிக்க இரண்டு ராஜாக்கள் சேர்ந்து படையெடுத்து வருகிறார்கள், அங்கே ஆளுகிற ஆகாஸ் காற்றில் ஆடுகிற மரம்போல நடுங்குகிறான். "தனபால் நடிக்கவே வேணாம், சும்மா நின்னாப் போதும்" என்று சொல்லி நீதான் என்னை அந்த வேஷத்தில் மாட்டிவிட்டாய். பல்லிக்கும் லிஃப்டுக்கும் பயப்படுகிற ஆள் சபையில் வேறு யார்?

பயப்படாதே, ஆண்டவரிடம் ஓர் அடையாளம் கேள், எவ்வளவு ஆழத்திலும் கேள், எவ்வளவு உயரத்திலும் கேள் என்பாய். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தி, "கேட்க மாட்டேன், ஆண்டவரைச் சோதிக்க மாட்டேன்" என்பேன். உடனே நீ, நீ கேட்காவிட்டாலும் அவரே தருவார், ஒரு கன்னி கர்ப்பவதியாகி மகனைப் பெறுவாள், அவனுக்கு இம்மானுவேல் என்று பேர் என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாடகம் பெத்லகேமுக்குப் போய்விடும்.

நீ ஒரு வருஷமும் உடனே சொன்னதில்லை. பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாய். திரைக்குப் பின்னாலிருந்து வசனத்தை எடுத்துக் கொடுப்பார்கள், நீ காதில் வாங்க மாட்டாய். ஒரு தடவை முன்வரிசையில் ஒரு பெரியவர், "மறந்துட்டான்யா" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். கிரீடம் நழுவ, திரைத்துணிக்குள் வியர்த்து ஊற்ற, நான் உன்னை மனதுக்குள் திட்டிக்கொண்டு நிற்பேன்.

ஒரு தடவை சண்டைக்கே வந்துவிட்டேன், ஞாபகம் இருக்கிறதா?

"ஏசாயா அவனுக்கு டைம் கொடுக்கிறாரு மாப்ளே. ஒருவேளை கேட்டுட்டான்னா?"

"வேதத்துல அவன் கேட்கலையே?"

"அது உனக்கும் எனக்கும் தெரியும். அங்க நிக்கும்போது ஏசாயாவுக்குத் தெரியாதே."

அதற்கப்புறம்தான் உன் அம்மாவைப் பற்றிச் சொன்னாய். கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் பாறை வெடித்தால் மேலே வீட்டுப் பாத்திரமெல்லாம் உருளும். பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள். யாருக்கு என்ன ஆயிற்று என்று ஒருத்தியும் கேட்க மாட்டாள், ஏனென்றால் கேட்காத வரைக்கும் எல்லாருடைய புருஷனும் உயிரோடு இருக்கிறான். உன் அம்மா மட்டும் சுரங்க வாசல் வரைக்கும் நடந்து போய்க் கேட்பார்களாம். "எங்கம்மாவுக்கும் பயம்தான் மாப்ளே. பயந்துக்கிட்டே போய்க் கேட்பாங்க" என்றாய். நான் அன்றைக்குத் தலையாட்டிவிட்டு டீ குடித்தேன். எனக்குச் சொல்கிறாய் என்று தோன்றவில்லை.

இந்த வருஷம் நீ இல்லை என்பதால் என்னை ஏசாயா ஆக்கிவிட்டார்கள். பாடகர் குழுவில் கனத்த பேஸ் குரலில் பாடுகிற சாமுவேல்தான் ஆகாஸ். ஐடி கம்பெனிக்காரன், ஆறடி உயரம், மற்றவர்கள் வேண்டுமானால் அவனைப் பார்த்துப் பயப்படலாம். இன்று ஆராதனை முடிந்து ஒத்திகை. உன் கம்பளியில் இன்னும் உன் மூக்குப்பொடி வாசனை. என் வசனத்தை ஒழுங்காகச் சொன்னேன். சாமுவேல் தொண்டையைச் செருமினான், கண்ணைத் தாழ்த்தினான், "ஆண்டவரைச் சோதிக்க மாட்டேன்" என்றான். இத்தனை வருஷமாக என்னைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறான். அது அப்படியே என் குரல் மச்சான். வியாழக்கிழமை என் மகளிடம் பேசின குரல்.

உன்னைப்போல நிற்கலாம் என்றுதான் நின்றேன். அப்புறம் வாய் திறக்கவில்லை. வசனத்தை இரண்டு தடவை எடுத்துக் கொடுத்தார்கள். "அங்கிள், தண்ணி வேணுமா?" என்றான் சாமுவேல். வெளியே குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு, அங்கேயே கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

ஷீபாவுக்கு முன்னால் எங்களுக்குப் பிறந்த மகன் ஞாபகத்துக்கு வந்தான். அவனுக்கும் இதயத்தில்தான் கோளாறு. நான் வார்டுக்கு வெளியே பெஞ்சில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே போய் டாக்டரிடம் கேட்டவன் நீ. திரும்பி வந்து என் முழங்காலில் கை வைத்தாய், பிள்ளை போய்விட்டான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த மேடையில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாயே, ஆகாஸையா பார்த்தாய்? என்னையா?

குழாயடியில் இன்னொன்றும் தோன்றியது, நீ இருந்தால் வாதம் செய்வாய். மேசியா வருவார் என்று தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்தார்களே, தாவீதின் சிங்காசனத்தில் உட்காருகிற ராஜா வருவார், எதிரியை அடித்து நொறுக்குவார் என்றுதானே காத்திருந்தார்கள்? யூத ஜனங்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். நாம் வந்துவிட்டார் என்கிறோம், திரும்ப வருவார் என்று நாமும் காத்திருக்கிறோம். "ரெண்டு பேரும் ஒரே பிளாட்பாரத்துலதான் நிக்கிறோம் மாப்ளே" என்பாய். ஆனால் நடுங்குகிற ஒருவனுக்கு ஆண்டவர் கொடுத்த அடையாளம் படையும் இல்லை, கோட்டையும் இல்லை. ஒரு கர்ப்பம். கர்ப்பம் என்றாலே பயம்தானே மச்சான்? நிறைவேறுகிற வரைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிற காரியம் அல்லவா அது? பயந்தவனுக்கு ஆறுதல் சொல்ல அதைப் போய் ஏன் தேர்ந்தெடுத்தார்?

மரியாளும் நடுங்கித்தான் இருப்பாள். தேவதூதன் வந்ததும் பயப்படாதே என்றுதானே சொல்ல வேண்டியிருந்தது. நம்மை மீட்க வந்தவர் முதலில் ஓர் இதயத்துடிப்பாக ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் இருந்தார். அந்தத் துடிப்புக்கு எது வேண்டுமானாலும் ஆகியிருக்கலாம். தெரிந்தேதான் வந்தார். வெளியே உட்கார்ந்து சேதி கேட்டுக்கொள்ளவில்லை. இது எனக்குத் தைரியம் கொடுக்கிறதா என்று கேட்டால், இல்லை. ஆனால் நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்க ஒரு சாக்கும் மிஞ்சவில்லை.

வீட்டுக்கு வந்து ஷீபாவிடம் சொன்னேன். "நாளைக்கு நான் வர்றேம்மா. எனக்குப் பயமா இருக்கு. இருந்தாலும் வர்றேன்."

"எனக்கும்தாம்பா" என்றாள். வியாழக்கிழமையிலிருந்து அதைச் சொல்ல ஆள் இல்லாமல் இருந்திருக்கிறாள். என் தோளில் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அப்பாவே பயத்தை மறைத்துக்கொண்டு திரிந்தால் பிள்ளை என்ன செய்யும்?

இந்த மலர் அச்சாகி வரும்போது பதில் தெரிந்திருக்கும். இதைப் படிக்கிறவர்கள் கோயிலில் தலையைத் திருப்பினால் போதும், ஷீபா எந்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்துவிடலாம். எழுதுகிற எனக்குத்தான் தெரியாது. தீர்க்கதரிசிகளுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும்? நாம் பின்னால் பிறந்ததால் நமக்கு முடிவு தெரிகிறது. அவர்கள் இருட்டில் உட்கார்ந்து வருவார், வருவார் என்று எழுதினார்கள். நாளைக்கு என்ன தெரிய வந்தாலும் இதில் ஒரு வரியையும் மாற்றித் தர மாட்டேன். பயம் பயமாகவே இருக்கட்டும்.

நாடகத்தில் சாமுவேலுக்கு முன்னால் நானும் உன்னைப்போலவே பேசாமல் நிற்பேன். வசனம் எடுத்துக் கொடுத்தால் கொடுக்கட்டும், மறந்துவிட்டான் என்றால் சொல்லிக்கொள்ளட்டும். கூட்டத்தில் யாருக்காவது அந்த நேரம் தேவைப்படும்.

அதற்கு முன்னால் நாளை. ஆட்டோ பிடித்து ஷீபாவைக் கூட்டிக்கொண்டு மல்லேஸ்வரம் போவேன். லிஃப்ட் இருந்தால் ஏறுவேன். வெளியே உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டேன், உள்ளே அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் கேட்கத் தயங்கினால் நான் கேட்பேன், "டாக்டர், குழந்தையோட இதயம் எப்படி இருக்கு?" என்று. அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார், நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், எவ்வளவு நேரம் ஆனாலும். நீ காத்திருந்தது வீண்போகவில்லை மச்சான். ஆகாஸ் கேட்கப் போகிறான்.

பயந்துகொண்டே கிளம்புகிற
உன் தங்கை புருஷன்
தனபால்