இருட்டில் இடது பக்கம்

14 செப்டம்பர் 1992

அன்புள்ள அக்கா ஹெட்விகாவுக்கு,

நீ அனுப்பிய பிள்ளை நேற்று மதியம் ஓலோமோட்ஸ் ரயிலில் பத்திரமாக வந்து சேர்ந்தான். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதை நீ நிதானமாகப் படிப்பாய்.

ராபினைக் கூட்டத்தில் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. நம் அப்பாவின் காது அப்படியே அவனுக்கு. ஆங்கிலேய நாடகக்காரர்கள் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள், அந்தக் காது ஒன்றுதான் என்னைப் பார்த்துத் திரும்பியது. ரயிலில் யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், "சித்தி" என்று நம் மொழியில் கூப்பிட்டான். அந்த ஒரு வார்த்தையோடு அவனுடைய செக் மொழி முடிந்துவிட்டது. அவனுக்கு நம் பேச்சு எதுவும் தெரியாமல் வளர்த்ததாக நீ முன்பு எழுதியிருந்தாய். தெரிந்தால் அவனுக்கு ஆபத்து என்று அப்போது நினைத்தாய். நான் குறை சொல்லவில்லை. பிளம் ஜாம் வைத்த பன் ஆறு தின்றான், அதற்கு மொழி தேவைப்படவில்லை.

நான் இன்னமும் மேடை ஓரத்தில் அதே மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். விளக்கு எப்போது அணைய வேண்டும், யார் எப்போது நுழைய வேண்டும், எந்தக் கதவு எப்போது திறக்க வேண்டும் என்று உத்தரவு கொடுக்கிறேன். இந்த முறை அது எனக்குப் பயமாக இருக்கிறது. பாதி நடிகர்கள் நம்மவர்கள், பாதி அவர்கள். கதை, அணை கட்டி நீரில் மூழ்கும் ஒரு கிராமம் பற்றியது. மூன்றாம் பாகத்தில் அரங்கம் முழுக்க இருட்டாகிவிடும். மேடைத் தரையில் ஒரு பக்கத்துக் கதவு திறந்து, அதன் வழியே ஊர்க்காரர்கள் ஏணியில் கீழே இறங்குவார்கள். படகுக்காரனாக வரும் ராபின் மட்டும் மற்றப் பக்கம் நடந்து வெளியேற வேண்டும், அதே இருட்டில்.

அந்தக் கதவுகள் உனக்கு நினைவிருக்கும். பக்கத்துக்கு ஒன்று. நீ நாட்டைவிட்டுப் போன பிறகு, பாடகர் லுபோர் அதில் ஒன்றில் விழுந்தார். கீழே நிலவறையின் கல்தரை. இப்போது டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு ஊன்றுகோல்களும் சுவரில் சாய்ந்திருக்கும். தினமும் அவரைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன். ஆங்கிலேயர்கள் வருவது தெரிந்ததும், "கீழ என்ன இருக்குன்னு அவங்கள என்கிட்ட கேக்கச் சொல்லு யார்மிலா, நான் போய்ப் பாத்துட்டு வந்தவன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

மொழிபெயர்ப்பாளர் பல்கலைக்கழகத்துப் பையன். கவிதை தெரிகிறது, மேடை தெரியவில்லை. அதனால் உன்னிடம் கேட்கிறேன். லீட்ஸில் நீ நாடகசாலைத் தையலறையில் இத்தனை வருடம் இருந்திருக்கிறாய். அங்கே ஒவ்வொரு பகுதிக்கும் என்ன பெயர் என்று எழுதி அனுப்பு. சீக்கிரம்.

அன்புடன்,
உன் தங்கை யார்மிலா


2 அக்டோபர் 1992

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் திங்களன்று வந்தது. இடைவேளைகளில் வாய்விட்டுப் படித்து மனப்பாடம் செய்துவிட்டேன். மேடைப் பணியாளர்களின் தலைவர் பொஹுமீருக்கும் வாசித்துக் காட்டினேன். உச்சிமாடத்து மலிவு இருக்கைகளை நாம் 'கோழிக்கம்பு' என்கிறோம், அவர்கள் 'கடவுள்கள்' என்கிறார்கள் என்றதும் அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். "நம்ம ஊர்ல கோழி உக்காந்த எடத்துல அவங்க ஊர்ல கடவுள் உக்காந்திருக்காரா? அப்ப டிக்கெட் வெலைய ஏத்துங்கடா" என்றார்.

மேடை ஓரங்களை அவர்கள் 'சிறகுகள்' என்பதும், மேடைக்கு மேலே திரைகளைத் தூக்கிக் கட்ட நாம் 'கயிற்றிடம்' என்று சொல்லும் மேல்தளத்தைப் 'பறப்பவை' என்பதும் அழகுதான். வாத்தியக்காரர்கள் உட்காரும் இடத்தைக் 'குழி' என்கிறார்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. மேடைக்கு அருகில் குழி என்ற பேச்சே வேண்டாம்.

ஒன்றை மட்டும் வெகுநேரம் யோசித்தேன். தீ பரவாமலிருக்க இறக்கும் திரை. நம் நாடகசாலையில் அதை எல்லோரும் 'இரும்பு' என்றுதான் சொல்கிறோம். "இரும்பை இறக்கு, இரும்பை ஏற்று." அங்கே அது 'காப்புத் திரை' என்கிறாய். திரை ஒன்றுதான். எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதில் இருக்கிறது போலும்.

நீ வருவது பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. எல்லையில் உன் பெயரைப் பார்த்து இறக்கிவிடுவார்கள் என்று இன்னமும் நினைக்கிறாயா? நாட்டைவிட்டுப் போனதற்காக, நீ இல்லாமலே நீதிமன்றம் உனக்குக் கொடுத்த தண்டனை ரத்தாகிவிட்டது. அந்தக் காகிதத்தை என் கண்ணால் பார்த்தேன். எல்லையில் இப்போது பெட்டியைக்கூடத் திறப்பதில்லை. ஆனால் சொல்வது சுலபம். நான்கூட, வாசலில் கார் நின்றால் போலீஸ் என்று இன்னமும் விளக்கை அணைத்துவிடுகிறேன்.

வேலை விஷயம். அவர்களுடைய இயக்குநர் பெல்ஹாம் தன் மேடைத் திட்டத்தை ஆங்கிலத்தில் கொடுத்தார். மொழிபெயர்ப்புப் பையனை நம்பாமல் நானே அதை உன் வார்த்தைகளை வைத்து நம் மொழியில் எழுதி பொஹுமீரிடம் கொடுத்தேன். 'வலப்பக்கக் கதவு திறக்கும். படகுக்காரன் இடப்பக்கம் வெளியேறுவான்.' தெளிவாக இருக்கிறது. ஆனாலும் இரண்டு முறை சரிபார்த்தேன்.

மேடையில் தினமும் ஓப்பரெட்டா இசைநாடகம் நடப்பதால் அவர்கள் சோகோல் உடற்பயிற்சிக் கூடத்தில் ஒத்திகை பார்க்கிறார்கள். நேற்று ராபினுக்கு பன் எடுத்துக்கொண்டு போனேன். தரை முழுக்கக் கைப்பந்துக் கோடுகள், நடுவே இவர்கள் ஒட்டிய நாடாக்கள், எது எதற்கு என்றே புரியவில்லை. இருட்டுக் காட்சியை வெளிச்சத்தில் நடந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்வையாளர் பெஞ்சிலிருந்து பார்த்தேன், அவன் வலப்பக்கம் போனான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போய் அவன் தோளைத் தொட்டு, ஆங்கிலத்தில், "இடது, இடது" என்றேன். சிரித்தான். தலையை ஆட்டிவிட்டு, மறுபடி அதே பக்கத்தைக் காட்டினான். சித்தியைக் கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன். சின்ன வயதில் நீயும் செருப்பைக் கால் மாற்றித்தானே போடுவாய்.

ஆனாலும் வீட்டுக்கு வந்த பிறகும் அது என்னை விடவில்லை. சூப்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். கண்ணை மூடினால் லுபோரின் ஊன்றுகோல்கள் தெரிகின்றன. காரணம் தெரியாத பயம் காரணம் தெரிந்ததைவிட மோசம். உன்னிடம் சொன்னால் குறையுமென்று எழுதினேன், எழுதிய பிறகும் குறையவில்லை.

உன் பிள்ளையை என் கண் முன்னால் வைத்திருக்கிறேன். பயப்படாதே.

யார்மிலா


13 அக்டோபர் 1992

அக்கா,

ராபின் நன்றாக இருக்கிறான். ஒரு கீறல்கூட இல்லை. இதை எழுதும்போது அடுத்த அறையில் படுத்திருக்கிறான், குறட்டை கேட்கிறது. இப்போது நடந்ததைச் சொல்கிறேன். வேறு யார் மூலமாகவும் நீ கேட்கக் கூடாது.

இன்று காலை, முதல்முறையாக எல்லோரும் மேடையில் கூடி, விளக்கும் கதவும் சேர்த்து ஒத்திகை பார்த்தோம். மூன்றாம் பாகம் வந்தது. இருட்டாக்கச் சொன்னேன். கதவைத் திறக்கச் சொன்னேன். பொஹுமீரின் ஆட்கள் திறந்தார்கள். என் மேசை வலது ஓரத்தில் இருக்கிறது, கதவு எனக்குச் சில அடி தள்ளி. நிலவறைக் காற்று என் கணுக்காலில் பட்டது. அந்த ஈர வாடை உனக்குத் தெரியும்.

ராபினின் காலடி கேட்டது. கனமான படகுக்காரன் பூட்ஸ். அந்த ஓசை என்னைவிட்டு விலகிப் போக வேண்டும். விலகவில்லை. அது என்னை நோக்கி வந்தது.

அக்கா, இரண்டு வாரமாகப் படித்த ஆங்கிலத்தில் உதவும் வார்த்தை ஒன்றும் என் வாயில் இல்லை. கடவுள்கள் இருந்தார்கள், சிறகு இருந்தது, குழி இருந்தது. 'நில்' என்பதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. விளக்கைப் போடச் சொல்லவும் தோன்றவில்லை. நம் அம்மா தெருவில் வண்டி வரும்போது நம்மைப் பார்த்துக் கத்துவாளே, அது வெளியே வந்தது. நம் மொழியில், அம்மாவின் குரலில்.

"நில்லுடா."

காலடி நின்றது.

விளக்கு வந்தபோது அவன் பூட்ஸின் முனை பள்ளத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே இருந்தது.

பிறகு பெல்ஹாம் இருக்கைகளுக்கு நடுவிலிருந்து ஓடிவந்து, எந்த மடையன் இந்தக் கதவைத் திறந்தான் என்று கேட்டார். பையன் 'மடையனை' விட்டுவிட்டு மற்றதை மொழிபெயர்த்தான். பொஹுமீர் என் கையெழுத்திலிருந்த தாளை நீட்டினார்.

"வலதுன்னு போட்டிருக்கு, வலதத் தொறந்தேன். ஜனங்க உக்காந்து பாக்கற பக்கத்துலேருந்து வலது. வேற எப்படிப் பாக்கறது?"

பையன் அதைச் சொன்னான். பெல்ஹாமின் முகம் வெளுத்துப்போனது. மெதுவாகப் பதில் சொன்னார். பையன் அதை எங்களுக்குச் சொன்னான். "அவங்க ஊர்ல, நடிகர் நிக்கற பக்கத்துலேருந்துதான் பாப்பாங்களாம். சனங்களப் பாத்து நிக்கும்போது அவரோட வலது கை எதுவோ அதுதான் வலதாம்."

நாம் பார்வையாளரின் கண்ணால் எண்ணுகிறோம், அவர்கள் நடிகனின் கையால். நம் வலது அவர்களுக்கு இடது. உடற்பயிற்சிக் கூடத்தில் ராபின் சரியான பக்கம்தான் போயிருக்கிறான். நான்தான் அவன் தோளைத் தட்டி மாற்றப் பார்த்தேன். திட்டத்தை எழுதியது நான், கதவைத் திறக்கச் சொன்னதும் நான்.

உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எல்லாம் இருக்கிறது, இது மட்டும் இல்லை. உன்னைக் குற்றம் சொல்லவில்லை, நம்பு. இருபத்து நான்கு வருடம் அந்தப் பக்கம் நின்றவளுக்கு அதுவே இடதாகிவிடும். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்றே தோன்றாது. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார்கள். செக் தெரியாத நீ எப்படி நின்றாய் என்று பையன் ராபினிடம் கேட்டிருக்கிறான். அவன் சொன்னதை எனக்குச் சொன்னான்: "ரோட்டக் கடக்கும்போது அம்மா இப்படித்தான் கத்துவாங்க. என்ன பாஷைன்னு தெரியாது. கேட்டா நின்னுடணும், அவ்வளவுதான் தெரியும்."

எதுவும் கற்றுத்தரவில்லை என்று எழுதினாயே, அக்கா.

அடுத்த வாரம் சனிக்கிழமை முதல் காட்சி. அந்த இருட்டை எடுத்துவிடச் சொல்லி பெல்ஹாமிடம் கெஞ்சினேன். அவர் அரைமனதாகச் சம்மதித்தார், உன் பிள்ளை சம்மதிக்கவில்லை. வழி இப்போது தெரியும், நடப்பேன் என்கிறான். பிடிவாதம் யாருடையது என்று உனக்குத் தெரியும். திட்டத்தைக் கிழித்துவிட்டு, இப்போது 'ஆற்றுப் பக்கம்', 'தேவாலயப் பக்கம்' என்று எழுதிவிட்டோம். சுவருக்கு வெளியே ஆறும் தேவாலயமும் இருக்கும் பக்கங்கள். யார் எப்படித் திரும்பி நின்றாலும் அவை இடம் மாறாது. திறக்கப்போகும் கதவின் ஓரத்தில், இருட்டில், தான் நாற்காலி போட்டு உட்காருவதாக லுபோர் சொல்லிவிட்டார். ஊன்றுகோலைக் குறுக்கே நீட்டி வைப்பாராம். உங்களுக்குப் பயமில்லையா என்று கேட்டேன். "எனக்கு இனிமே விழ எடமில்ல" என்றார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குச் சரியாகவில்லை. சனிக்கிழமை விளக்கணைக்கச் சொல்ல வேண்டியது நான். அணைந்த பிறகு அந்த பூட்ஸ் ஓசை எந்தப் பக்கம் போகிறதென்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதும் நான். இன்று குரல் வந்தது. மறுமுறை வருமா என்று தெரியவில்லை.

அடுத்த வார வியாழக்கிழமைக்குள் கிளம்பினால் போதும். எல்லைக்கே வந்து நிற்கிறேன், இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, நீ சொல்லும் பக்கத்தில். உனக்கு டிக்கெட் எடுக்கவில்லை. என் மேசைக்கு அருகே ஒரு முக்காலி போட்டு வைத்திருக்கிறேன். நீ அதில் உட்கார வேண்டும். என் குரல் எழும்பாவிட்டால் நீ கத்து. உன் குரலுக்கு அவன் நிற்பான்.

வந்துவிடு.

யார்மிலா