வைக்கோல் தலையணை கொண்டுவர வேண்டாம்

பிஸ்கட்டவே, நியூ ஜெர்சி
18 ஜூலை 1999, ஞாயிறு

அன்புள்ள மலர் அக்காவுக்கு எமில்டா எழுதுவது.

விமான நிலையத்தில் பெட்டிகளைத் திறந்து சோதிக்கும் அதிகாரி அம்மாவின் நகங்களைத்தான் நான் முதலில் பார்த்தேன். நீளமாக வளர்த்து, சிவப்புப் பூசியிருந்தார். இந்த நகத்தோடு குண்டூசியைப் பிடித்தால் நூல் சிக்கிவிடுமே என்று நினைத்தேன். அதற்குள் அவர் கையுறை மாட்டிக்கொண்டு ஜெசிந்தா அக்காவின் லேஸ் தலையணையைத் தூக்கிவிட்டார்.

அடுத்த வருஷம் ஃப்ரீமான்ட்டில் நடக்கும் லேஸ் கூட்டத்துக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்க வரப்போவதால், இங்கே நடப்பதை ஒன்றுவிடாமல் எழுது என்று சொல்லி அனுப்பினீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதை எழுதுகிறேன். வைக்கோல் அடைத்த தலையணையைக் கொண்டுவர வேண்டாம். நாம் எல்லோரும் வைக்கோல் தலையணையில்தான் லேஸ் பின்னுகிறோம், அது இங்கே ஆகாது என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. அந்த அம்மா தலையணையை அசைத்தபோது ஓரத் தையல் வழியாக ஒரு நெல் விழுந்தது. அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். அதோடு முடிந்தது. இந்த நாட்டுக்குள் வைக்கோலும் நெல்லும் வரக்கூடாதாம்.

அக்காவின் லேஸ் அந்தத் தலையணையில் எப்படி இருந்ததென்று உங்களுக்குத் தெரியும். முடிந்த பாகம் சுருட்டித் துணியில் கட்டியிருந்தது. கடைசிப் பாகம் ஊசிகளோடு அப்படியே, நூல் சுற்றிய குச்சிகள் தொங்க, மாசி மாதம் அவள் காய்ச்சலில் படுத்த அன்று வைத்தபடியே இருந்தது. புறப்படும்போது அம்மா என் தலையில் கைவைத்து, மக்களே, அவ குத்தின ஊசி ஒண்ணயும் நீ புடுங்கப்பிடாது, கேட்டியா, அவதான் போகல்ல, அவ கை வச்சதாவது அமெரிக்கா போயிட்டு அப்படியே திரும்பி வரட்டு என்று சொன்னாள். நீங்களும் வாசலில் நின்றீர்கள். கல்யாணத்தன்று நீங்கள் தலையில் போடும் நெட்டுக்கு ஓரம் வைக்கத்தான் அக்கா அதைப் பின்னினாள் என்று தெரிந்தும், அம்மாவிடம் நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு ஆங்கிலம் வாயில் வரவில்லை. ஊரில் தமிழிலேயே யாரிடமும் பேச மாட்டேன், அங்கே எப்படி வரும். நோ, நோ என்று மட்டும் சொன்னேன். பக்கத்து மேசையில் சென்னையிலிருந்து மகன் வீட்டுக்கு வந்த ஒரு பெரியவர், பெயர் ஸ்ரீநிவாசன், பெட்டி நிறையக் கொண்டுவந்த மாம்பழத்தைப் பறிகொடுத்துவிட்டு நின்றிருந்தார். அவர்தான் எனக்காகப் பேசினார். பங்கனப்பள்ளியையே விடலை, உன் வைக்கோலை விடுவாளாம்மா, குடுத்துடு என்றார். அது என் அக்காவுடையது, அவள் இப்போது இல்லை என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அந்த அம்மாவிடம் வெகுநேரம் பேசினார்.

கடைசியில், வைக்கோல் போகத்தான் வேண்டும், லேஸை நானே எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு மேசை மூலையை ஒதுக்கித் தந்தார்கள். குச்சிகளைக் கைக்குட்டையால் கொத்துக் கொத்தாகக் கட்டினேன். அக்கா குத்திய ஊசிகளை ஒவ்வொன்றாக நான்தான் பிடுங்கினேன், மலரக்கா. வேறு யாரும் தொடவில்லை. பிறகு அடியில் இருந்த மாதிரித் துளை அட்டையோடு சேர்த்து லேஸைத் தூக்கினேன். உறையின் தையலைப் பிரித்து வைக்கோலை ஒரு பையில் கொட்டிவிட்டு, காலி உறையை என்னிடம் கொடுத்தார்கள். ஓர் ஊசி கீழே விழுந்திருந்தது. அந்த அம்மா குனிந்து, அந்த நகங்களாலேயே எடுத்து என் கையில் வைத்தார்.

ஆகவே நீங்கள் வெறும் உறையை மட்டும் கொண்டுவாருங்கள். இங்கே பழைய துணி எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். நன்றாக இறுக்கி அடைத்தால் ஊசி நிற்கிறது. நூலையும் குச்சிகளையும் கைப்பையில் வையுங்கள், கத்தரிக்கோலைப் பெரிய பெட்டியில் போடுங்கள். தடித்த சட்டை ஒன்று கட்டாயம் வேண்டும். வெளியே நம் ஊர் வெயில்தான், ஆனால் வகுப்பு நடக்கும் கூடத்துக்குள் விரல் விறைத்துப்போகும். விறைத்த விரலுக்கு நூலின் இழுப்பு தெரியாது.

நான் தங்கியிருப்பது புஷ்பவல்லி ஆன்ட்டி வீட்டில். பொள்ளாச்சிக்காரர்கள். கிட்டுசாமி அங்கிளுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கூட்டம் நடத்தும் டோரத்தி அம்மாவுக்கு ஆன்ட்டி பழக்கம் என்பதால், தமிழ்ப் பெண் வருகிறாள் என்றதும் நானே வெச்சுக்கறேன் என்று சொல்லிவிட்டாராம். காரில் வரும்போதே நான் அழுவதைப் பார்த்து அங்கிள், ஏங் கண்ணு, நியூ ஜெர்சிக்கு வைக்கோலக் கொண்டாந்தியே, மாட்டையும் கொண்டாந்திருந்தா ஃப்ரீவேல ஓட்டீட்டுப் போயிருக்கலாமல்ல என்றார். ஆன்ட்டி அவர் தோளில் ஓர் அடி வைத்து, சும்மா டிரைவ் பண்ணுங்க என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா போனபிறகு நான் சிரித்தது அப்போதுதான்.

அவர்கள் மகள் பிரீத்தியின் பழைய கவுன்களையும் ஆன்ட்டியின் இரண்டு சேலைகளையும் சுருட்டி உறைக்குள் அடைத்தோம். பிரீத்திக்கு நாம் பேசுவது புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் சொல்வாள். நான் எந்த வகுப்பு என்று கேட்டாள். எட்டாவதோடு நின்றுவிட்டேன் என்றேன். அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் தன் பஞ்சுக் கரடி பொம்மையைக் கொண்டுவந்து, இதையும் உள்ளே திணி என்று சைகை காட்டினாள்.

இனிமேல் எழுதப்போவதை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. சாப்பாட்டு மேசையில் லேஸை விரித்து, அதே துளைகளில் ஊசிகளைத் திரும்பக் குத்தப் போனபோதுதான் பார்த்தேன். ஊசிகள் இருந்தவரை இலையும் பூவும் சரியாக இருப்பதுபோலத்தான் தெரிந்தது. ஊசியை எடுத்ததும் கடைசி நான்கு விரல் அகலம் தளர்ந்துவிட்டது. நூல் ஒன்றின்மேல் ஒன்று போக வேண்டிய இடத்தில் போகவில்லை. அடுத்த வரிசையிலும் இல்லை. ஓர் இலை பாதியில் இன்னோர் இலையோடு சேர்ந்திருந்தது. பெட்டிக்குள் கலைந்திருக்குமோ என்று முதலில் நினைத்தேன். கலைந்தது அல்ல, பின்னியதே அப்படித்தான்.

அக்கா யாரென்று உங்களுக்குத் தெரியும். ஒரு நூல் தப்பினால் போதும், நான் நாள் முழுவதும் பின்னியதைப் பிரிக்க வைத்துவிட்டுத்தான் சாப்பிட விடுவாள். பிழையைப் பார்த்தும் விட்டுவைக்கிற ஆள் இல்லை. அப்படியென்றால் அவளுக்கு அது தெரியவில்லை. கண் தெரியவில்லை, அல்லது கை சொன்னபடி கேட்கவில்லை. காய்ச்சல் திடீரென்று வந்து மூளைக்கு ஏறிவிட்டது என்றுதானே ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இந்த நான்கு விரல் அகலத்தைப் பின்ன ஒரு நாள் இரண்டு நாள் போதாது என்று உங்களுக்கும் எனக்கும் கணக்குத் தெரியும். அத்தனை நாளும் உடம்பு முடியாமல் இருந்தும், சொன்னால் அமெரிக்காவுக்கு அனுப்ப மாட்டார்கள் என்று பேசாமல் இருந்திருக்கிறாள். பகலிலேயே விளக்கைப் போடச் சொன்னாளே, குச்சியில் நூல் சுற்ற என்னைக் கூப்பிட்டாளே, அதெல்லாம் இப்போது ஞாபகம் வருகிறது. உங்களிடம் தலைவலி என்று ஏதாவது சொன்னாளா, மலரக்கா? சொல்லியிருந்தாலும் எனக்கு எழுத வேண்டாம்.

வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். பயப்பட வேண்டாம், எல்லோரும் நம் அம்மாக்கள் வயதுக்காரர்கள், அதற்கு மேலே உள்ளவர்களும் உண்டு. நிறையக் கேள்வி கேட்பார்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லலாம், கோபிக்க மாட்டார்கள். பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்வார்கள். என் சட்டையில் குத்தச் சொல்லித் தந்த பெயர் அட்டையில் அக்காவின் பெயர்தான் அச்சாகியிருந்தது. அவள்தானே வருவதாக இருந்தது, முன்பே அடித்துவிட்டார்களாம். டோரத்தி அம்மா மன்னிப்புக் கேட்டு மாற்றித் தருகிறேன் என்றார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். இங்கே எல்லோரும் என்னை ஜெசிந்தா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் திரும்பிப் பார்க்கிறேன்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். நம் கன்னியர் மடத்து லேஸ் கூடத்தில் யாராவது தவறாகப் பின்னினால், சிஸ்டர் வந்து கையைத் தட்டிவிட்டுக் குச்சியைப் பிடுங்கி அவரே போட்டுக் காட்டுவார் அல்லவா. நானும் முதல் நாள் ஒரு பாட்டியம்மாவின் தலையணையில் அப்படியே செய்துவிட்டேன். அவர் இரண்டு கையையும் பின்னால் இழுத்துக்கொண்டார், முகம் சிவந்துவிட்டது. எனக்கு எங்கே போய் ஒளிந்துகொள்வதென்று தெரியவில்லை. அப்புறம் ஆன்ட்டி என்னைத் தனியே கூப்பிட்டு, இங்க அடுத்தவங்க பில்லோவ கேக்காம டச் பண்ணக் கூடாதாம் கண்ணு, டோரத்தி சொல்லச் சொன்னா என்றார். பிரீத்திதான் எனக்கு அதற்கான வார்த்தையைச் சொல்லித் தந்தாள். மே ஐ. குனிந்து, அவர்கள் முகத்தைப் பார்த்து, மே ஐ என்று கேட்க வேண்டும். அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் தொட வேண்டும். மறுநாள் அந்தப் பாட்டியம்மாவிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தலையணையை என் பக்கம் தள்ளினார்.

கூட்டத்தின் கடைசி நாள் எல்லோரும் கொண்டுவந்த லேஸை மேசைமேல் வைத்தார்கள். அக்காவுடையதையும் வைத்தேன். அதே பாட்டியம்மா வந்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கிட்டத்தில் குனிந்து பார்த்தார். முதலிலிருந்து பார்த்துக்கொண்டே வந்து அந்த நான்கு விரல் இடத்தில் நின்றுவிட்டார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. யார் பின்னியது என்று கேட்டார். நான் என் சட்டையில் இருந்த பெயரைத் தொட்டுக் காட்டிவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினேன். டோரத்தி அம்மா அவர் காதில் ஏதோ சொன்னார். பாட்டியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, இதை நீ முடிப்பாயா என்று கேட்டதாக ஆன்ட்டி சொன்னார். என் அம்மா விடமாட்டாள் என்று சொல்லுங்கள் என்றேன். அதை அவரிடம் சொல்வதற்குப் பதிலாக ஆன்ட்டி என்னைத்தான் பார்த்தார்.

அதிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அப்படியே திருப்பிக் கொண்டுவா என்று அம்மா சொன்னாள். அப்படியே என்பது விமான நிலையத்திலேயே போய்விட்டது. பிழை வந்த இடம்வரை பிரித்துச் சரியாகப் பின்னினால் யாருக்கும் தெரியாது. அக்காவே உயிரோடிருந்தால் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பாள். ஆனால் அவள் கடைசியாகக் கைவைத்தது அந்த நான்கு விரல் இடத்தில்தான். அதை நான் பிரிக்க மாட்டேன். தை மாதம் உங்கள் கல்யாணம். அதற்குமேல் ஒரு சாண் பின்னினால் நெட்டுக்குப் போதும். பிழை உள்ள இடம் பின்தலையில், மடிப்புக்குள் வரும்படி தைத்துவிடலாம். உங்களுக்குச் சம்மதமா என்று கேட்க ஆசை. உங்கள் பதில் வருவதற்குள் நான் ஊருக்கே வந்துவிடுவேன்.

அதனால் நீங்கள் எனக்காக ஒன்று செய்ய வேண்டும். நான் வருவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்குப் போய் அம்மா பக்கத்தில் உட்காருங்கள். அண்டி ஆபீசில் முந்திரி உடைத்துவிட்டு வந்து, பால் பட்ட கையைக் கழுவி, கட்டன் சாயா குடித்த பிறகு சொல்லுங்கள். ஊசிகளைப் பிடுங்கியது எமில்டாதான் என்று சொல்லுங்கள். அவள் திட்டினால் திட்டட்டும். ஆனால் அந்த நான்கு விரல் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம். அம்மாவுக்கு லேஸ் தெரியாது, பார்த்தாலும் கண்டுபிடிக்க மாட்டாள். ஜெசிந்தா கடைசிவரை நல்லாத்தான் இருந்தா என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது அப்படியே இருக்கட்டும்.

உங்கள் நெட் உங்கள் தலையில் நன்றாக அமர வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குள் நுழையும்போது ஒரு தடவை கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டுப் பாருங்கள்.

என்றும் உங்கள் அன்புத் தங்கை,
எமில்டா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இதையும் எழுதிவிடுகிறேன். எல்லோரும் கடைக்குப் போயிருக்கிறார்கள். தலையணையைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, மூடியிருந்த துணியை விலக்கினேன். வீட்டில் யாரும் இல்லாததால் சத்தமாகவே, மே ஐ என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பொறுத்திருந்துவிட்டு, அக்கா விட்ட இடத்திலிருந்து முதல் ஜோடிக் குச்சிகளை எடுத்தேன்.