அய்யா ஓட்டினால் ஏறாத சார்ஜ்

2025 நவம்பர் 6, வியாழன்

வண்டி மறுபடியும் நின்றது. இந்தத் தடவை ராமநாதபுரம் ஆஸ்பத்திரி வாசலில். அய்யாவின் பழைய கூட்டாளி சதக் மாமாவுக்கு டயாலிசிஸ் முடிந்து அய்யா அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பப் பார்த்தால், சாவியைத் திருகியதும் 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பழைய டீசல் அம்பாசிடர். ஓடுகிறவரை பேட்டரி செத்திருந்தாலும் காட்டிக்கொள்ளாது. அணைத்தால்தான் தெரியும்.

ஆம்புலன்ஸ் டிரைவர்கள் இறங்கி வந்து தள்ளினார்களாம். மாமாவின் மகள் சூஃபியாவும் சேர்ந்து தள்ளியிருக்கிறாள். போனில் என்னிடம், "உங்கய்யா வண்டிக்கும் வாப்பா பக்கத்துல ஒரு பெட்டு சொல்லி வைங்க. ரெண்டு பேரும் சேந்தே ஏத்திக்கிட்டு வரட்டும்" என்றாள்.

ஆடியில்தான் புது பேட்டரி போட்டோம். நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ. பகல் முழுக்க சர்வீஸ் சென்டரில் அடுத்தவன் வண்டியைப் பார்க்கிறேன். சொந்த வீட்டு வண்டி நடுரோட்டில் படுக்கிறது. கேவலம்.

நவம்பர் 7, வெள்ளி

பேட்டரியைச் சார்ஜரில் போட்டு ஏற்றிவிட்டு, மீட்டர் வைத்துப் பார்த்தேன். நிற்கும்போது 12.6 வோல்ட். கிளப்பி ஒரு முறுக்கு முறுக்கியதும் 14.2. அப்படியே நிற்கிறது. ஆல்டர்னேட்டர் ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றுகிறது. பெல்ட் இறுக்கம். டெர்மினலில் உப்புக்காற்றுக்குப் பூக்கும் பச்சைகூட இல்லை. வண்டி சும்மா நிற்கும்போது கரண்ட் எங்கேயாவது கசிகிறதா என்றும் பார்த்தேன். இல்லை.

அப்படியானால் குறை வண்டியில் இல்லை. ஓட்டுகிறவரிடம்.

அய்யாவிடம் அப்படியே சொன்னேன். "லைட்டைப் போட்டுட்டு அணைக்க மறந்திருப்பீங்க."

"நான் ஏன்லே மறக்கப் போறேன்? நீ ஓட்டுனா ஏறுது, நான் ஓட்டுனா ஏற மாட்டேங்குது. அத என்னன்னு பாரு."

பேட்டரிக்கு ஆள் அடையாளம் தெரியுமா? சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

நவம்பர் 8, சனி

ஏர்வாடி வரை ஓட்டிப் பார்த்தேன். மூன்று இடத்தில் அணைத்துக் கிளப்பினேன். சுண்டினால் பற்றுகிறது. ஒரு குறையும் இல்லை.

நவம்பர் 10, திங்கள்

நேற்று அய்யா வண்டியை எடுத்துக்கொண்டு உரக்கடை, மிளகாய்க் கொல்லை, மறுபடி கடை என்று சுற்றியிருக்கிறார். இன்று விடிகாலை, மழை, ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்டுக்கொண்டு சதக் மாமா வீட்டு வாசலுக்குப் போய், அவரைக் கைத்தாங்கலாக ஏற்றுவதற்காக அணைத்தார். அதோடு சரி.

தள்ள ஆள் இல்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் மாமாவின் டர்ன் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. சாயங்காலம்தான் மெஷின் கிடைத்தது. அதுவரை உட்கார்ந்த நிலையிலேயே இருந்தாராம். படுத்தால் மூச்சு முட்டுகிறது.

வேலை முடிந்து நேராக அங்கே போனேன். சூஃபியாவிடம் இன்று கேலி இல்லை. "வியாழக்கிழமையும் இப்படின்னா ராம்நாட்டுலயே ஒரு ரூம் பாத்து வாப்பாவ வச்சுக்கிருவேன். அவுக வர மாட்டேம்பாக. இழுத்துட்டாவது வந்துருவேன்."

"இனிமே நான் ஓட்டட்டுமா மாமா?" என்று கேட்டேன்.

மெஷினோடு கட்டிப்போட்ட மாதிரி கிடந்தவர் கண்ணைத் திறந்தார். "நீயா? அன்னைக்கு நீ ஓட்டி நான் வாந்தி எடுத்தது மறந்துருச்சாலே? ஒங்கய்யா ஓட்டுனா வண்டியில இருக்கதே தெரியாது. நீ ஓட்டுனா பிரேக்குக்குப் பிரேக்கு கொடலு வாய்க்கு வருது."

உண்மைதான். ஆனால் இருக்கிற வழி அதுதானே?

நவம்பர் 11, செவ்வாய்

காலையில் அய்யா வண்டிச் சாவியை என் மேசையில் வைத்தார். கோபமாக வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"என் கைக்கு ராசி போச்சு தம்பி. நீயே வச்சுக்க. இன்னொரு மனுசன் உசுரு."

கைராசியாம். ராசியில் ஓடுகிற ஆல்டர்னேட்டரை எந்தக் கம்பெனி செய்கிறது? வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். அம்மா வேறு, ஏழரைச் சனி என்று ஆரம்பித்துவிட்டாள். திருநள்ளாறு போக வேண்டுமாம். இந்த வண்டியிலா?

வண்டியை ஆள் வைத்துத் தள்ளிக் கிளப்பிக் கொண்டுவந்து, பேட்டரியை மறுபடி சார்ஜரில் போட்டேன். சர்வீஸ் சென்டரில் வியாழனுக்கு லீவு சொல்லிவிட்டேன். நாளை அரை நாள்.

இரண்டு நாளாக ஒன்று உறுத்துகிறது. நான் அளந்ததெல்லாம் நான் கிளப்பி, நான் முறுக்கி அளந்தவை. அவர் ஓட்டும்போது யார் அளந்தார்கள்?

நவம்பர் 12, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். பொறுமையாக எழுத வேண்டும்.

அய்யாவை ஓட்டச் சொன்னேன். மாட்டேன் என்றார். "நீங்க ஓட்டுறப்ப என்ன நடக்குதுன்னு பாக்கணும்." "என்ன, குத்தம் புடிக்கவா?" அம்மாதான் உள்ளிருந்து சத்தம் போட்டாள்: "ஓட்டித்தான் காமிங்களேன்! அவன் வாயாவது அடையட்டும்."

மீட்டர் ஒயரை ஜன்னல் வழியாக இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அய்யா சாவியை ஒரு கட்டம் திருப்பினார். நிதானமாகக் காத்திருந்தார். பிறகு கிளப்பினார். ஆக்சிலேட்டரில் கால் பட்டதா என்றே சந்தேகம். வண்டி நகர்ந்தது எனக்குத் தெரியவில்லை. சதக் மாமா சொல்வது இதைத்தான்.

மீட்டரில் 12.3. ஊர் எல்லையைத் தாண்டினோம் — 12.3. ஹெட்லைட்டைப் போடச் சொன்னேன். 11.9. இறங்குகிறதே தவிர ஏறவே இல்லை. அவர் சொன்னது அத்தனையும் நிஜம்.

"அய்யா, ஒரு தடவை நல்லா மிதிங்க."

"எதுக்குலே?"

"மிதிங்கய்யா!"

மிதித்தார். எஞ்சின் அலறியது. 14.2! காலை எடுத்த பிறகும் இறங்கவில்லை.

அணைக்கச் சொல்லி, சாவியை முதல் கட்டத்தில் மட்டும் வைக்கச் சொன்னேன். டேஷ்போர்டில் ஆயில் விளக்கு எரிந்தது. அதன் பக்கத்தில் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிய வேண்டும். இருட்டு. நான் சாவியை ஒரே திருகில் கிளப்புகிறவன். அந்தக் கட்டத்தில் நின்று பார்த்ததே கிடையாது.

"இங்கன ஒரு பல்பு எரியுமே, எங்க?"

"அதுவா? நான்தான் கழட்டுனேன். புது பேட்டரியாச்சேன்னு. சாவி போட்டாலே செவப்பா எரியுது. ஒருத்தருக்கும் வெளிச்சம் இல்ல, ஒண்ணும் இல்ல. வீணா கரண்டு போகுதுல்ல?"

எனக்குக் கத்தவா சிரிக்கவா என்று தெரியவில்லை. கண்மாய்த் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுகிற ஊர். பேட்டரியையும் கண்மாய் மாதிரிதான் பார்த்திருக்கிறார். வீணாக ஓடுகிற மடையை அடைத்துவிட்டார்.

"அய்யா, நம்ம பம்புசெட்டு மோட்டார் போட்டதும் தண்ணி எடுக்குமா?"

"எப்படி எடுக்கும்? ஒரு குடம் ஊத்தணும்ல."

"இதுக்கு ஊத்துற குடம் அந்தப் பல்பு. அது வழியா கொஞ்சம் கரண்டு போனாத்தான் ஆல்டர்னேட்டர் முழிக்கும். அது இல்லாட்டி நல்லா முறுக்குனாத்தான் தானா முழிக்கும். நான் முறுக்குறவன். நீங்க முறுக்க மாட்டீங்க."

பல்பு இருந்த குழியில் விரலை வைத்துப் பார்த்தார்.

"அப்ப நான் இத்தனை நாளா மிச்சம் புடிச்சது அந்தக் குடத்துத் தண்ணியவா?"

"ஆமா."

"கூறுகெட்ட வேலை" என்று தன்னையே திட்டிக்கொண்டார். சிரிப்பும் வந்தது அவருக்கு.

புது பல்பு வாங்கிப் போட்டேன். சாவி போட்டதும் சிவப்பு எரிந்தது, கிளம்பியதும் அணைந்தது. மிதிக்காமலே 14.1. என் அவசரம் இத்தனை நாள் குறையை என்னிடமிருந்தே மறைத்திருக்கிறது. அவர் ஓட்டுகிற ஓட்டில்தான் அது வெளியே வந்தது. லைட்டை அணைக்க மறந்தீர்கள் என்று சொன்னேனே — அதற்கு நான் இன்னும் மன்னிப்பாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நாளைக்கு நீங்களே ஓட்டுங்கய்யா. ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"நீதான் லீவு போட்டுட்டியே" என்றார். மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். சாவி இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. பல்பை நம்புகிறார். தன் கையைத்தான் நம்பவில்லை. அதற்கு மீட்டர் கிடையாது.

நவம்பர் 13, வியாழன்

அலாரத்துக்கு முன்னாலேயே விழித்துவிட்டேன். மேசையில் சாவி இல்லை. வெளியே ஓடினேன். வண்டி இல்லை; ஈர மண்ணில் டயர்த் தடம் மட்டும்.

அம்மா அடுப்படியிலிருந்து திரும்பாமலே சொன்னாள். "அவரு அப்பவே போய்ட்டாரு. சாவி எடுக்க வந்தப்ப நீ முழிச்சுக்கிருவேன்னு செருப்பக் கையில தூக்கிக்கிட்டு நடந்தாரு. நீ போய்ப் படு."

படுக்க முடியுமா? சூஃபியாவுக்குப் போன் போட்டேன். கிசுகிசுவென்று பேசினாள்.

"எங்க வீட்டு வாசல்ல அணைச்சாக, கெளம்புச்சு. ரயில்வே கேட்டுல அணைச்சாக, கெளம்புச்சு. ஆஸ்பத்திரி நெருங்கிட்டோம். வாப்பா தூங்குறாக. போனை வைங்க, முழிச்சிருவாக."