தனியாகக் கேட்கிற வயலின்

அம்மாவுக்கு, இங்கே நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

நான் சேர்ந்திருப்பது கல்யாண ஆர்கெஸ்ட்ரா இல்லை என்று சித்தியிடம் சொல்லிவிடு. இது சிம்பொனி, இந்த ஊருக்கே புதுசு. வயலின்காரர்கள் மட்டும் இருபது பேர். எல்லார் வில்லும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்க வேண்டும்.

திங்களன்று ஒத்திகையில், கோல் பிடித்து நடத்துகிறவர் எல்லாரையும் நிறுத்தி, "உன் வயலின் மட்டும் தனியா கேக்குது" என்றார். பள்ளி விழாவில் நான் கூட்டத்தோடு வாசித்தபோது நீயும் இதைத்தானே சொல்லிப் பூரித்தாய்? நான் எழுந்து கும்பிட்டு நன்றி சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அது திட்டாம்! பழக்கதோஷத்தில் நம் கர்நாடக சங்கீதம் மாதிரி சுரத்தை அசைத்து வாசித்திருக்கிறேன்.

நேற்று அசைக்கவே இல்லை. "இப்பதான் சரி. நீ இருக்கறதே தெரியல" என்று தட்டிக்கொடுத்தார். சந்தோஷப்படுவதா அழுவதா என்றே புரியவில்லை. பயப்படாதே, சும்மா சொன்னேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய சுருதிப்பெட்டியைக் கொடுத்தனுப்பு. ரிப்பேராக இருந்தாலும் பரவாயில்லை.

ஒத்திகைக்குப் போகிற வண்டி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கச்சேரியைப் போனில் பார்க்கலாமாம். என் வயலின் தனியாகக் கேட்கிறதா என்று பார். கேட்டால் எனக்கு மட்டும் சொல்.

உன் பெரியவள்