மாடியில் சத்தம் இல்லை

என் அன்பிற்குரியவருக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். இந்தத் தடவை அந்த வரியை எழுதக் கை வரவில்லை. உங்கள் முதுகு வலி எப்படி இருக்கிறது? நான் வாங்கிக் கொடுத்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டுதான் கிரேனில் ஏறுகிறீர்களா, இல்லை அது இன்னும் பெட்டிக்குள்ளேயே தூங்குகிறதா?

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் மகள் கையில். அவள் பாடமெல்லாம் அதில்தான். நான் எதை அனுப்பினாலும் அவள் கண்ணில் படும், எதைப் பேசினாலும் இந்த ஒற்றை அறையில் அவள் காதில் விழும். லீவு முடிந்து இன்று விமானம் ஏறும் உங்களோடு வேலை செய்யும் வெல்டர் தம்பி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் எதிரில் பிரிக்காதீர்கள்.

விஷயம் நம் பெண்ணின் தேர்வு. பெரிய நுழைவுத் தேர்வும், பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சின்னக் கல்லூரியின் தேர்வும் ஒரே சனிக்கிழமை காலையில் வருகின்றன. ஒன்றைத்தான் எழுத முடியும். எது என்று இந்த வெள்ளிக்கிழமைக்குள் பதிந்தாக வேண்டும். பெரியதில் தேறினால் இன்ஜினியரிங். சின்னதில் கணக்குப் படிப்பு, முடித்தால் டீச்சர் ஆகலாம். வாத்தியார் வேலைக்கா இத்தனை பாடு என்று போன மாதம் போனில் கேட்டீர்களே, அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பெரிய தேர்வுதான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

அவளுக்குக் கணக்கு வராது என்று நான் சொல்லவில்லை. அவள் படித்த விதம் உங்களுக்கு முழுதாகத் தெரியாது. வருஷத்துக்கு ஓர் ஊராக உங்கள் வேலை மாறியபோது, பள்ளிக்கூடமே வேண்டாம், நாமே சொல்லிக் கொடுப்போம் என்றீர்கள். பிறகு நீங்கள் கடல் தாண்டிப் போனீர்கள், நாமே என்பதில் நான் ஒருத்திதான் மிச்சம். கீழே ஜெராக்ஸ் கடை, மேலே அவள். மெஷினை விட்டுவிட்டு மாடி ஏற முடியாது. அதனால் ஒவ்வொரு வரியையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டேதான் கணக்குப் போடுவாள். படிக்கட்டு வழியாக எனக்குக் கேட்கும், தப்பு வந்தால் கீழிருந்தே குரல் கொடுப்பேன். தினமும் பிரதி எடுக்க வரும் வக்கீல் குமாஸ்தா கேட்டுக் கேட்டே முக்கோணவியலில் பாதி கற்றுக்கொண்டார். நீங்கள் ரேடியோ என்று கூப்பிட்டது போய், கடைக்கு வருகிறவர்களும் அவளை அப்படியே கூப்பிடுகிறார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நானும் பெருமையாக இருந்துவிட்டேன்.

போன வாரம் டியூஷன் சென்டரில் ஒரு மாதிரித் தேர்வுக்கு அழைத்துப் போனேன். பெரிய கூடம், வரிசை வரிசையாக மேஜை. அத்தனை பேரோடு உட்கார்ந்து எழுதுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. முதல் கணக்கிலேயே வாய் திறந்துவிட்டாள். தான் பேசுவது அவளுக்கே தெரியவில்லை. மேற்பார்வையாளர் வந்து எச்சரித்தார், பக்கத்துப் பையன் காதைப் பொத்திக்கொண்டானாம். அதற்கப்புறம் வாயை இறுக மூடிக்கொண்டவளுக்குக் கை ஓடவில்லை. பாதித் தாள் வெறுமையாகத் திரும்பியது. வீட்டுக்கு வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, அதே கணக்குகளை வாய்விட்டுச் சொல்லி ஒன்று விடாமல் போட்டாள். நிஜத் தேர்வில் பேசினால் எழுப்பி வெளியே அனுப்பிவிடுவார்களாம். சின்னக் கல்லூரியில் கையில் சாக்பீஸைக் கொடுத்து, பலகையில் போட்டுக்கொண்டே விளக்கச் சொல்கிறார்கள். அங்கே தேர்வே அதுதான். இதைச் சொன்னதற்கு, என் பொண்ணு இன்ஜினியராகப் போறான்னு அப்பா சைட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரும்மா, இனிமே எப்படி மாத்தறது என்றாள். தமுக்கடித்தது நீங்கள். மாட்டிக்கொண்டு முழிப்பது அவள்.

அன்றிலிருந்து கைக்குட்டையை மடித்து வாயில் கடித்துக்கொண்டு கணக்குப் போடுகிறாள். பழகிவிடுமாம். வாயோரம் வெடித்துப் புண்ணாகிவிட்டது, மருந்து தடவப் போனால் தள்ளிவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வீட்டில் பேசுவதையே நிறுத்திவிட்டாள். உப்பு வேண்டுமென்றால் கை காட்டுகிறாள். உங்களிடம் போனில் ம், சரிப்பா என்று மட்டும் சொன்னாளே, பொறுப்பு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டீர்களே, அது இதுதான். குமாஸ்தா படிக்கட்டை எட்டிப் பார்த்து, என்னம்மா, ரேடியோ ரிப்பேரா என்று கேட்டார். சிரித்துவிட்டேன். அவர் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன்.

பேசாமல் போடும் கணக்கெல்லாம் தப்பாக வருகிறது, சாதாரணக் கூட்டல் கூட. நேற்று குளிக்கப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பயந்துபோய்க் கதவில் காதை வைத்தேன். தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளே, தேம்பிக்கொண்டே, ஒரு கணக்கை முதலிலிருந்து கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாள். விடை சரியாக இருந்தது. என் பெண் என் வீட்டிலேயே பேசுவதற்கு ஒளிந்துகொள்கிறாள். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

கெஞ்சினேன், திட்டினேன், ஒரு தடவை கையும் ஓங்கிவிட்டேன். உனக்கு என்மேல நம்பிக்கை இல்ல என்று தாளில் எழுதிக் காட்டினாள். நான் எதைச் சொன்னாலும் அவளுக்கு அப்படித்தான் படும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உங்கள் ஆசை தப்பென்று சொல்லமாட்டேன். மகள் வரைந்த கட்டடத்துக்கு நான் கிரேன் ஓட்டணும் என்று நீங்கள் சொன்ன அன்று எனக்கும் கண் கலங்கியது. ஆனால் போன லீவில் நீங்கள் இன்னொன்றும் சொன்னீர்கள். பாரம் இறங்கும் இடம் கேபினிலிருந்து தெரியாதபோது, கீழே நிற்பவன் வாக்கி டாக்கியில் விடாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டுமாம். அவன் குரல் நின்றால், என்ன ஏது என்று கேட்காமல் நீங்கள் அப்படியே நிறுத்திவிடுவீர்களாம். மேலதிகாரியே கத்தினாலும் பாரம் ஓர் அங்குலம் இறங்காது என்றீர்கள்.

இங்கே குரல் நின்றுவிட்டது. உங்களுக்கு அங்கிருந்து தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன். நிறுத்துங்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் கூப்பிட்டு, சின்னக் கல்லூரிக்கே எழுதும்மா என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் கேட்டதாக வேண்டாம், உங்களுக்கே தோன்றியதாக இருக்கட்டும். அவள் ஒன்றும் பேசாமல் இருந்தால் போனை வைத்துவிடாதீர்கள். எவ்வளவு நேரமானாலும் காத்திருங்கள்.

உங்களுக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உங்களுடையவள்